கிளட்ச் பெடல் மேல் அப்பாவின் கால்

செய்யூர்ப் பக்கம் ஒரு வயலில் இன்று எங்கள் டிராக்டர் பாதி உழவில் நின்றுவிட்டது. ரோட்டவேட்டரை மண்ணில் இறக்கினால் இன்ஜின் மட்டும் உறுமுகிறது, கத்திகள் சுற்றவில்லை. கருகிய வாடை வேறு.

"பின்னாடி ரோட்டவேட்டர சுத்த வைக்கிற பி.டி.ஓ.தான் போச்சு," என்றார் அப்பா.

மெக்கானிக் வந்து பார்த்தார். "பி.டி.ஓ. நல்லாத்தான் கீது நைனா. கிளட்ச் பிளேட்டு தேஞ்சிபூட்ச்சி. பெடல் மேலயே கால வச்சிகினு ஓட்டுனியா?"

"யாரப் பாத்து இன்னா கேக்கற நீ?"

"அப்ப பேய் வந்து மிதிச்சிதா?"

வயல்காரர் சிரித்தார். சிரித்துவிட்டு வேறொரு டிராக்டருக்கு போன் போட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் மட்கார்டு மேல் உட்கார்ந்து வரும்போது கவனித்தேன். கிளட்சை மிதித்த பிறகு அப்பாவின் இடது முழங்கால் மடங்கவில்லை. லுங்கியோடு சேர்த்துக் காலைக் கையால் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. பெடல் மேலேயே விட்டுவிட்டார்.

பிளேட்டை மாற்றிவிடலாம். புதுப் பிளேட் போட்டாலும் பெடல் மேல் அதே கால்தான் இருக்கப் போகிறது.

வலியே இல்லை என்று சாதிக்கும் அப்பாவை டாக்டரிடம் எப்படிக் கூட்டிப்போவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மெக்கானிக்கிடம் என்றால் உடனே கிளம்பிவிடுவார்.