டொமிங்காவின் மதகு

டொமிங்கா பார்ரோஸுக்கு வாய் கொஞ்சம் நீளம். தேவாலய விருந்தில் சோளமும் பயறும் வேகவைத்த காச்சுப்பாத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "என் மதகுக்கு வந்து திரும்பிப்போன மீன் ஒண்ணைக் காட்டுங்க பாப்போம்" என்று ஊரையே வம்புக்கு இழுப்பாள். அப்படிப் பேச அவளுக்குத் தகுதியும் இருந்தது. அப்பாவும் அம்மாவும் மழை பொய்த்த ஃபோகோ தீவிலிருந்து கப்பலேறி வந்து, பிறத்தியார் தோட்டத்தில் முழங்காலிட்டு கிரான்பெரிப் பழம் பறித்தவர்கள். மகள் அதே தோட்டத்தை விலைக்கு வாங்கினாள். ஏரித் தண்ணீர் எப்போது வயலுக்கு, எப்போது ஓடைக்கு என்பதிலெல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம்.

ஒரு ஏப்ரல் கடைசியில் அந்த வாய்க்குச் சோதனை வந்தது. முட்டையிடக் கடலிலிருந்து ஓடையேறி வந்த ஹெர்ரிங் மீன்கள், ஏரிக்குத் தாவி ஏறுவதற்கென்று கட்டிய மீன்படியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் மூடிக்கிடந்த மதகின் அடியில் போய் முட்டிக்கொண்டு நின்றன. கடற்காகங்களுக்குக் கொண்டாட்டம்.

கீழ்த்தோட்டத்து எல்மர் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "என்ன டொமிங்கா, விருந்தாளிங்களை வாசல்லயே நிக்க வெச்சிட்ட?"

"உன் வீட்டுக்கா வந்தாங்க? வண்டியை எடு."

சொல்லிவிட்டாளே தவிர, அவமானத்தில் முகம் எரிந்தது. மதகை அடைத்திருந்த பலகைகளில் ஒன்றை உருவினால் மீன் ஏறிவிடும். இரும்புக் கொக்கியை எடுத்துக்கொண்டு மதகில் ஏறினாள். கொழுந்தன் அர்மிந்து ஓடிவந்து குறுக்கே நின்றான்.

"அண்ணி, கையை வைக்காதீங்க! இன்னிக்கு ராத்திரி உறைபனின்னு ரேடியோவுல சொல்லிட்டான். ஏரி இறங்கினா பம்பு வெறும் காத்தைத்தான் இழுக்கும். தெளிப்பான் ஓடி, கொடிமேல தண்ணி உறைஞ்சு போர்த்தலேன்னா மொட்டு அத்தனையும் கருகிடும்."

அவன் சொன்னதும் நியாயம்தான். மொட்டு போனால் அந்த வருஷ விளைச்சலே போச்சு. மீனைக் கைவிட்டால் அவள் பேச்சுக்கு இனி மரியாதை இல்லை. கொக்கியோடு நின்றவளின் காதில் சலசலவென்று ஒரு சத்தம் விழுந்தது. மூடிய மதகில் ஏது இவ்வளவு சத்தம்? குனிந்து பார்த்தாள். புதுப் பலகையின் இடுக்குகளில் தண்ணீர் பீறிட்டது.

"இந்தப் பலகையை எப்ப மாத்தின?"

"நேத்து. பழசு உளுத்துப்போச்சு."

"தூள் போட்டியா?"

அர்மிந்து தலையைச் சொறிந்தான். "போடணும்னுதான் இருந்தேன்..."

"இருந்தியா! புதுப் பலகையை இறக்கிட்டு இடுக்கு அடைய மரத்தூள் போடாம வந்து நிக்கிறியே, நீயெல்லாம் ஒரு கிரான்பெரிக்காரனா? தண்ணி எங்க வேகமா வருதோ அங்கதானே மீன் போகும்!"

அர்மிந்து கொட்டகையிலிருந்து தூள் மூட்டையை இழுத்துவந்தான். டொமிங்கா ஏரிப் பக்கமாகப் பலகையை ஒட்டித் தூளைப் பிடிபிடியாய் இறக்கினாள். கசிவே அதை உறிஞ்சி இடுக்குகளில் அடைத்துக்கொண்டது. மதகின் சத்தம் மெல்ல அடங்கியது. வீணாய் ஒழுகிய தண்ணீர் முழுக்க மீன்படிப் பக்கம் திரும்பி இரைந்தது.

மீன்கள் அசையவில்லை. அர்மிந்து சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு ஒன்று திரும்பியது. அதன் பின்னால் கூட்டமே திரும்பியது. முதல் மீன் முதல் படியைத் தாவியபோது டொமிங்கா கொக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக் கத்தினாள். அத்தனை பெருமை அவளுக்குத் தோட்டம் வாங்கிய அன்றுகூட வந்ததில்லை.

ஏரியும் இறங்கவில்லை. விடிந்தபோது கொடிகள் தெளிப்பான் தண்ணீர் உறைந்த கண்ணாடிக்குள் பத்திரமாக இருந்தன. எல்மர் வந்து வண்டிக்குள்ளிருந்தே முனகினான். "டொமிங்கா, அந்தத் தூள் மிச்சமிருக்கா? என் மதகுலயும் மீன் முட்டுது."

"இருக்கு. இறங்கி வந்து, தொப்பியைக் கழட்டிட்டுக் கேளு."

எல்மர் இறங்கினான். தொப்பியைக் கழற்றினான்.