டேப்லெட்டும் இருபத்தெட்டுப் பண்ணைகளும்

முப்பது வருசமாகக் கோழி வளர்க்கிறவரிடம் போய், உங்கள் கோழிக்கு என்ன தீனி போட வேண்டும் என்று நான் சொல்கிறேன் என்று பேச்சை ஆரம்பிப்பதுதான் என் தொழில். இதற்கு எப்படிப்பட்ட வரவேற்பு கிடைக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

தீவனத்தில் கலக்கும் சத்து மருந்துகள் விற்கிற ஒரு கம்பெனியில் நான் ஃபீல்டு ஆபீசர். நாமக்கல்லில் இருந்து ராசிபுரம் வரைக்கும் இருபத்தெட்டு முட்டைக்கோழிப் பண்ணைகள் என் பொறுப்பு. இதை 'என் லைன்' என்று சொல்வோம். ஸ்கூட்டரில் போக வேண்டும், கோழியைப் பார்க்க வேண்டும், தீவனத்தைக் கையில் அள்ளிப் பார்க்க வேண்டும், மக்காச்சோளம் எத்தனை கிலோ, சோயா எத்தனை கிலோ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சாயந்திரம் ஆறு மணிக்குள் சேலம் ஆபீசுக்கு ரிப்போர்ட் போய்ச் சேர வேண்டும். பதினாறு வருசமாக இதைத்தான் செய்கிறேன், எனக்கு இது பிடித்த வேலை.

இதற்காகப் பதினாறு வருசம் லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டியதில் முதுகுத் தண்டில் ஒரு தட்டு விலகிவிட்டது. அந்தப் பையோடு ரோட்டில் அலைந்த எல்லோருக்கும் அது எந்த இடம் என்று தெரிந்திருக்கும். எலும்பு டாக்டர், "பை வேணுமா, நடக்கணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றார். நான் நடப்பதைத் தேர்ந்தெடுத்து, லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு டேப்லெட் கேட்டேன்.

மேனேஜர் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். ஒரு வருசம் பார்ப்பார். ரிப்போர்ட் லேட்டானாலோ தீவனக் கணக்கு தப்பினாலோ என் லைன் வேறு ஆளுக்குப் போய்விடும், நான் சேலம் ஆபீசில் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தவள், படிக்கட்டில் நின்று அழுதேன். இனி நடந்ததைக் கேளுங்கள்.

போன மரியாதை

புதுச்சத்திரம் பக்கத்தில் பொன்னுசாமி அண்ணன் பண்ணை. நாற்பதாயிரம் கோழி. நான் லேப்டாப் பையோடு போன காலத்தில் அவரே நாற்காலியைத் துடைத்துப் போடுவார், ஃபேனை என் பக்கம் திருப்புவார். லேப்டாப் உயிர் பெற்று எழுந்திருக்கும் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். அதில் இருந்து என்ன வந்தாலும் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது.

டேப்லெட்டோடு போன முதல் நாள், நின்ற வாக்கிலேயே அதைத் திறந்து, "அண்ணா, சோயாவை இருபது கிலோ குறைச்சுக்கலாம்" என்றேன். அவர் நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. டேப்லெட்டை மேலும் கீழும் பார்த்தார். வீட்டுக்குள் போய் மனைவியிடம் ஏதோ குசுகுசுத்தார். அந்த அக்கா டீயோடு வந்து, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி என் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைசியில் அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏனுங் மேடம், கம்பெனில ஆளக் கொறைக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். லேப்டாப்பையுமா புடுங்கிட்டாங்க?"

எல்லாவற்றுக்கும் மருந்தடி

கோழிப் பண்ணைக்குள் யார் போனாலும் வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வண்டிச் சக்கரத்துக்கு ஸ்ப்ரேயரில் மருந்தடிப்பார்கள். வெளியில் இருந்து சீக்கு உள்ளே வந்துவிட்டால் ஒரு வாரத்தில் பண்ணையே காலி. அதனால் இந்த விஷயத்தில் யாரும் யாருக்கும் தாட்சண்யம் பார்ப்பதில்லை.

ராசிபுரம் ரோட்டில் ஒரு பண்ணையில் மாரப்பன் என்று ஒரு வாட்ச்மேன். நான் தொட்டியில் காலை நனைத்துக்கொண்டிருந்தபோது, கையில் இருந்த டேப்லெட்டை மரியாதையாக வாங்கிக்கொண்டார். பத்திரமாக வைத்துக்கொள்ளத்தான் வாங்குகிறார் என்று நினைத்தேன். நான் நிமிர்வதற்குள் முன்பக்கம் ஒரு பீச்சு, திருப்பிப் பின்பக்கம் ஒரு பீச்சு. "ஐயோ!" என்று அலறினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "உள்ள போற எதுவா இருந்தாலும் மருந்தடிக்கோணும்னு மொதலாளி சொல்லிருக்காருங்" என்றார்.

லேப்டாப் பைக்குள் ஒளிந்தே பதினாறு வருசம் இந்தச் சோதனையில் இருந்து தப்பித்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. டேப்லெட் சாகவில்லை. ஆனால் ஈரத் திரையில் நான் தொடாமலேயே எண்கள் ஓடின. தவிடு நாற்பது கிலோ என்று இருந்தது நாலாயிரம் ஆனது. துப்பட்டாவால் துடைத்துத் துடைத்து, கோழிகளுக்கு அந்த நாலாயிரம் கிலோ போகாமல் காப்பாற்றுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. மறுநாளில் இருந்து டேப்லெட்டை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக்கொண்டுதான் பண்ணைக்குள் போகிறேன். அன்றைக்கு நான் பதறியதைப் பார்த்து மாரப்பன் சொன்ன ஆறுதல் இது: "வெசனப்படாதீங் அம்மிணி, இனி ஒரு வருசத்துக்கு அதுக்கு எந்தச் சீக்கும் வராதுங்."

கட்டி வைத்த அட்டை

டேப்லெட்டுக்கு ஒரு கீபோர்டு வாங்கியிருந்தேன். கடையில் மேஜை மேல் வைத்துக் காட்டியபோது அழகாகத்தான் நின்றது. மடியில் வைத்தால் பின்பக்கமாக மல்லாந்துவிடும். அதற்குச் சமமான ஒரு பலகை வேண்டும். பண்ணையில் சமமாக இருப்பது முட்டை அட்டை அடுக்கு ஒன்றுதான்.

ஒரு நாள் மத்தியானம் அப்படி ஓர் அடுக்கின் மேல் டேப்லெட்டை வைத்து ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தேன். தீவனத் தொட்டியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். அப்படியே மூடி வைத்துவிட்டுப் போனேன். அடுக்கின் மேல் ஒரு காலி அட்டையைக் கவிழ்த்துச் சணல் போட்டுக் கட்டுவது அங்கே வழக்கம். லோடு கட்டுகிற பழனியம்மாள் அக்கா, ஹாரன் அடித்துக்கொண்டிருந்த லாரியின் அவசரத்தில், டேப்லெட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டார். நான் திரும்பி வந்தபோது அடுக்கும் இல்லை, லாரியும் இல்லை. அது கேரளாவுக்குப் போகிற லோடு.

"கறுப்பா ஒண்ணு இருந்துச்சுங், ஏதோ மூடின்னு நெனச்சுட்டேன்" என்று அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசி வரிசையில் ஏற்றியதாக மட்டும் ஞாபகம் இருந்தது. மணி நாலரை. ஆறு மணிக்குள் ரிப்போர்ட் போகாவிட்டால் என் லைன் போச்சு. டிரைவருக்குப் போன் போட்டு, பரமத்தி எடைமேடையில் லாரியை நிறுத்தச் சொல்லி, முதுகையும் டாக்டரையும் மறந்து ஸ்கூட்டரை விரட்டினேன். டிரைவர் தார்ப்பாயை அவிழ்த்து ஒவ்வொரு கட்டாகப் பிரித்தார். ஐந்தாவது கட்டில் டேப்லெட் சுகமாகப் படுத்திருந்தது. அங்கேயே சுவரில் சாய்ந்து நின்று மீதியை அடித்து ஐந்து ஐம்பதுக்கு அனுப்பினேன். அதுவரைக்கும் பிரித்த கட்டையெல்லாம் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் என்னிடம் வந்து, நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "நல்ல வேளைங் மேடம், ஒரு முட்டை கூட ஒடையலைங்."

ராசிபுரத்தில் ஒரு ரகசியம்

இதை மேனேஜரிடம் இன்று வரைக்கும் சொன்னதில்லை. எங்கள் கம்பெனியின் தீவனக் கணக்குத் தாள் கம்ப்யூட்டரில் திறப்பது, அதில் ஒரு பச்சைப் பொத்தான் உண்டு. பண்ணையில் என்னென்ன சரக்கு இருக்கிறது என்று போட்டு அதை அமுக்கினால், எது எத்தனை கிலோ என்று தானே வந்துவிடும். டேப்லெட்டில் அந்தத் தாள் திறந்தது, வண்ணமெல்லாம் வந்தது, பச்சைப் பொத்தானும் இருந்தது. அமுக்கினால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. லேப்டாப் செய்கிற அத்தனை வேலையையும் இது செய்யும் என்று விற்றவர் யாரும் இந்தப் பொத்தானைப் பற்றிச் சொல்லவில்லை. லேப்டாப்பை விட்டு வந்தவர் என்றால் உங்களுக்கும் இப்படி ஒரு பொத்தான் இருந்திருக்கும், வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள்.

மூன்று மாதம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய், அங்கே இருந்த பழைய கம்ப்யூட்டரில் பொத்தானை அமுக்கி, வந்த எண்களைப் பார்த்து டேப்லெட்டில் ஏற்றினேன். மேனேஜர் போனில் கேட்டால், "பிரமாதமா ஓடுது சார்" என்பேன். சொல்லிவிட்டு வெட்கமாக இருக்கும். கடைக்காரப் பெண் கவிதா ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டாள்: "லேப்டாப் வேண்டாம்னு டேப்லெட் வாங்குனீங். டேப்லெட்டு ஓட என்ற கடை வேணும்ங்கறீங். நாளைக்கு என்ற கடை ஓடறதுக்கு என்னங் மேடம் வாங்குவீங்?"

வெயில்

கவிதா கேட்டது உறைத்தது. நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பொத்தானே இல்லாத ஒரு தாளை நானே செய்துகொண்டேன். அப்பாடா என்று நிமிர்ந்தால் சித்திரை வந்துவிட்டது. பத்து நிமிசம் வெளியில் பிடித்தால், சூடாகிவிட்டது, ஆறட்டும் என்று எழுதிக் காட்டிவிட்டு டேப்லெட் படுத்துக்கொள்ளும். கோழிகளும் அதே நிலையில்தான், வாயைப் பிளந்து இரைத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்காக ஷெட்டில் ஃபேன் ஓடும், மேலிருந்து தண்ணீர் பனி மாதிரி இறங்கும். பிளாஸ்டிக் கவரோடு டேப்லெட்டையும் கூண்டு ஓரமாக அந்தக் காற்றில் வைத்துவிட்டு நிற்பேன். கோழிகள் தலையை நீட்டி அதைக் கொத்திப் பார்க்கும். குடிதண்ணீரில் குளுக்கோஸ் கலக்கிக்கொண்டிருந்த பொன்னுசாமி அண்ணன் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங் மேடம், இதுக்கும் ஒரு மடக்கு ஊத்தட்டுங்களா?"

மேனேஜர் வந்த நாள்

வருசம் முடிய ஒரு வாரம் இருந்தபோது மேனேஜர் நேரில் வந்தார். என்னோடு ஒரு நாள் முழுக்கச் சுற்றிவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. அவர் தன் லேப்டாப்போடுதான் வந்தார். போன இடம் பொன்னுசாமி அண்ணன் பண்ணை. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பத்து நாளாகத் தோல் முட்டை விழுகிறது, அதாவது ஓடு பிடிக்காமல் கைபட்டால் உடைகிற முட்டை. காரணம் தெரியாமல் அவர் தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது. கோழிக்கு ஏதாவது சீக்கா, எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டியதுதானா என்று கேட்டார்.

மேனேஜர் ஷெட்டில் லேப்டாப்பைத் திறந்தார். வைக்க இடமில்லை. இரண்டு கையிலும் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு நின்றார். அது அப்டேட் ஆகிறேன், அணைக்காதே என்று சுற்ற ஆரம்பித்தது. நான் ஒவ்வொரு தடவை வரும்போதும் ஒரு கைப்பிடித் தீவனத்தை அள்ளி உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து டேப்லெட்டில் போட்டு வைத்திருந்தேன். மூன்று மாதத்துக்கு முந்தின படத்தையும் அன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அண்ணனிடம் காட்டினேன். பழைய படத்தில் சுண்ணாம்புக் கல் குருணை குருணையாகத் தெரிந்தது. புதியதில் மாவாகக் கிடந்தது. மாவு கோழி வயிற்றில் தங்காது, ஓடு பிடிக்க உதவாது. அண்ணன் படத்தையே பார்த்தார், பிறகு கல் அனுப்புகிறவருக்குப் போன் போட்டார். அரைக்கிற மில்லை மாற்றியது உண்மைதான் என்று தெரிந்தது. சீக்கு இல்லை. அவர் அங்கேயே தீவன மூட்டை மேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேனேஜர் லேப்டாப்பை மூடினார். "இனி நம்ம ஆளுங்க எட்டுப் பேருக்கும் டேப்லெட்தான்" என்றார். நான் சிரிக்க ஆரம்பிப்பதற்குள், "எல்லாருக்கும் கத்துக்கொடுக்க நீங்க ஆபீசுக்கே வந்துடுங்க. லைனை வேற யாராவது பாத்துக்கட்டும்" என்றார். தோற்றால் என்ன கிடைக்குமோ அதே நாற்காலி. ஒரு வருசம் நான் பயந்த பயமெல்லாம் பரிசாகத் திரும்பி வந்து நின்றது. "வேண்டாம் சார்" என்றேன். மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பொன்னுசாமி அண்ணன் எழுந்து வந்தார்: "ஏனுங் சார், கோழி இங்க இருக்குது, தீனி இங்க இருக்குது, படிக்கறவங்க மட்டும் எதுக்குங் சேலத்துல உக்காரோணும்? வாரத்துக்கு ஒருத்தரா மேடத்துகூட அனுப்பி உடுங்க. ஆனா ஒரு வண்டிக்கு மேல உள்ள உடமாட்டேன், இப்பவே சொல்லிப்போட்டேன்."

மேனேஜர் ஒத்துக்கொண்டார், லைன் என்னிடமே இருக்கிறது. இந்த வாரம் அயோத்தியாப்பட்டணத்தில் இருந்து கல்பனா கற்றுக்கொள்ள வந்திருக்கிறாள், அடுத்தடுத்த வாரங்களுக்கு ஆத்தூர்க்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இந்த வழிக்கு வர நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: லேப்டாப்பின் பாரத்தை டேப்லெட் குறைக்கும் என்பது நிஜம்தான், ஆனால் அதை நன்றாக உபயோகிக்கத் தெரிந்துகொண்டால் அறுபது கிலோ வரைக்கும் ஆள் பாரம் ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறிக்கொள்ளும்.