பசையக்கா விலகிய நாள்

பசையக்கா என்று பேர் வைத்தது அவளிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள்தான். மாற்றுத்திறனாளி இளைஞர்களை வேலையில் அமர்த்தி, சொந்தக் காலில் நிற்க வைப்பது அவள் தொழில். ஆரம்பத்தில் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்பாள். பிறகு ஓரடி தள்ளி, அப்புறம் வாசலில், அப்புறம் எதிர்ச்சாரியில் என்று விலகிக்கொண்டே போய், ஒருநாள் வராமலே இருந்துவிடுவாள். ஒட்டுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. விலகும்போதுதான், தோலோடு சேர்த்துப் பிளாஸ்திரியைப் பிய்த்தாற்போல் இருக்கும்.

தையல்காரம்மாவின் இளைய மகளான சின்னவளை, ஒரு தங்கும் விடுதியின் சலவைக்கூடத்தில் சேர்த்திருந்தாள். சின்னவளுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தாளானால், அது முடிவதற்குள் பக்கத்து வீட்டுக் குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போய்விடும். ஆனால் அவள் மடித்த துண்டில் ஒரு சுருக்கம் கண்டுபிடித்தவர் இன்றுவரை இல்லை.

"இன்னைக்கு நீங்க வராதீங்க. தனியா சமாளிச்சா வேலை நிரந்தரம்" என்று சூப்பர்வைசர் பசையக்காவிடம் சொல்லியிருந்தார். வேலை நிரந்தரமானால், தோழியோடு தங்கச் சின்னவள் பார்த்து வைத்திருந்த அறையும் கிடைக்கும். அதற்கென்று ஒரு மஞ்சள் கால்மிதிகூட வாங்கிக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

பசையக்கா வரவில்லை. அதாவது, முன்வாசல் வழியாக வரவில்லை. பின்முற்றத்தில் காயும் படுக்கை விரிப்புகளுக்குள் புகுந்து சலவைக்கூடத்து ஜன்னலை நோக்கி நகர்ந்தபோது, யாரோ ஒருவருடைய முதுகில் மோதினாள்.

"ஏம்மா, என்னை வரக்கூடாதுன்னு சொல்லிட்டு நீ மட்டும் வந்து நிக்கிற?" என்றார் தையல்காரம்மா.

"நான் வேலையா வந்தேன்."

"நான் மட்டும் என்ன, வேடிக்கை பார்க்கவா வந்தேன்?"

இருவரும் ஒரே விரிப்புக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார்கள்.

உள்ளே உலர்த்தும் எந்திரத்தின் கதவிடுக்கில் ஒரு துண்டு சிக்கிக்கொண்டது. சிவப்பு விளக்கு மினுங்கியது. சின்னவள் சட்டென்று இடதுபக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே வெறும் சுவர்தான் இருந்தது.

பயிற்சி நாளெல்லாம் பசையக்கா நின்றது அந்த இடத்தில்தான். மடிக்கச் சொல்லிக்கொடுத்தாள், அடுக்கச் சொல்லிக்கொடுத்தாள். தடுமாறினால் தன்னைப் பார்க்கவும் பழக்கிவிட்டாள். வேறு ஒருவரிடம் கேட்கச் சொல்லித்தரவே இல்லை.

தையல்காரம்மா பாய்ந்தார். பசையக்கா அவர் கையை எட்டிப் பிடித்தாள்.

"விடுடீ, புள்ள தவிக்குது."

"தெரியுதும்மா. நாம இப்ப உள்ள போனா அவ வேலை போயிடும்."

சின்னவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல வலதுபக்கம் திரும்பி, இஸ்திரி போடுகிறவரின் மேசையைத் தட்டினாள்.

"அண்ணே... கதவு... துண்டு..."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை, வாக்கியத்தைத் தானாக முடித்துக் கொடுக்கவும் இல்லை. அவள் சொல்லி முடித்ததும் எழுந்து வந்து கதவை நெம்பினார். சின்னவள் துண்டை உருவி எடுத்தாள்.

மாலையில் காய்ந்த விரிப்புகளை எடுக்க வந்த சின்னவள், விரிப்புக்குக் கீழே இரண்டு ஜோடிச் செருப்புகளைப் பார்த்தாள். விரிப்பை விலக்கினாள்.

"நாளைக்கும்... வரச் சொல்லிட்டார். நிரந்தரமாம்" என்றாள். பிறகு மூச்சை இழுத்துப் பிடித்து, "ரெண்டு பேரும்... வீட்டுக்குப் போங்க. துணி... அழுக்காயிடும்."

தலையைக் குனிந்துகொண்டு இருவரும் வெளியேறினார்கள். தெருமுனைக்கு வந்ததும் தையல்காரம்மா நின்றார்.

"இனிமே அந்த ரூம் சாவி அவகிட்ட. எம் பொண்ணைப் பார்க்க நான் கதவைத் தட்டணும், இல்ல?"

"ஆமாம்மா. வந்து திறக்கக் கொஞ்சம் நேரமாகும். வாசல்ல மஞ்சள் கால்மிதி ஒண்ணு கிடக்கும். அதுமேல நில்லுங்க."

"நீ?"

பசையக்கா சலவைக்கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கப் போனவள், பார்க்கவில்லை.

"எனக்கு நாளைக்கு வேற இடத்துல வேலை. அங்க போய் இனிமே ஒரே பக்கமா நிக்காம, ரெண்டு பக்கமும் மாறி மாறி நிக்கணும்."