பன்னிரண்டால் வகுத்த போஞ்சி

"கெட்டுப்போகக்கூடிய விளைபொருள் பற்றிய விண்ணப்பம் எதற்கும், அது கிடைத்த பதினான்கு நாட்களுக்குள் உரிய உத்தியோகத்தர் எழுத்தில் பதிலளித்தல் வேண்டும்." இது எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் பதினெட்டாவது துணைவிதி. ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் எண்ணோடு ஞாபகம் இருக்கிறது. மனைவியின் பிறந்தநாள் அப்படி ஞாபகம் இருப்பதில்லை என்பது எங்கள் வீட்டில் தீர்க்கப்படாத முறைப்பாடு.

போன வாரம் குண்டசாலையில் புதிதாகத் திறந்த ஒரு பெரிய கடைக்குப் போனேன். அங்கே போஞ்சியை ஒரே நீளத்துக்கு நறுக்கி, தட்டில் அடுக்கி, கண்ணாடி போன்ற தாளால் மூடி, 'பீன்ஸ்' என்று ஒட்டி வைத்திருந்தார்கள். இது எந்த ஊர்ப் போஞ்சி என்று அங்கு நின்ற பிள்ளையைக் கேட்டேன். "எல்லா நாளும் கிடைக்கும் அங்கிள்" என்றாள். ஊரைக் கேட்டால் நாளைச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஒன்றை ஒடித்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். பச்சை வாசம் கொஞ்சம் இருந்தது. ஈரச் சாக்கின் வாசம் இல்லை. எனக்குப் போஞ்சி என்றால் இரண்டும் சேர்ந்துதான்.

எழுபதுகளில், பாணுக்கு வரிசையில் நின்ற காலத்தில், கண்டியில் எங்கள் கந்தோரிலிருந்த பதினொரு குடும்பங்கள் சேர்ந்து சங்கத்தின் மூலம் மரக்கறியை மூட்டை மூட்டையாக எடுத்துப் பங்கிட்டுக்கொண்டோம். சனிக்கிழமை பகலில் சங்கத்து லொறி பின்வாசலுக்கு வரும். கோவாவும் நோக்கோலும் வந்த வாரங்களில் திங்கட்கிழமைவரை கோப்புகள்கூட மணக்கும். மேலதிகாரி முதலில் மூக்கைச் சுளித்தார். பிறகு அவரும் ஒரு பங்குக்குப் பெயர் கொடுத்தார்; அவரோடு சேர்த்துத்தான் பதினொன்று.

பங்கு போடுவதற்கு ஒரு முறை இருந்தது. சாக்கை விரித்துப் பதினொரு கூறு வைப்பேன். எங்கள் பிரதம லிகிதர் சபாரத்தினம், யாழ்ப்பாணத்தவர், சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். தட்டெழுத்தாளர் லெட்சுமி ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்குங்க?" என்று கேட்பாள். அவர் திரும்பாமலே ஒரு பெயரைச் சொல்வார். அதற்குமேல் மேன்முறையீடு கிடையாது.

"சுவத்துல கண்ணாடி வச்சிருக்கீங்களா சார்? நல்ல கூறெல்லாம் உங்க பேருக்கே விழுதே" என்பாள் லெட்சுமி.

"அது என்ர பிழையில்லைப் பிள்ளை. கூறு வைச்ச ஆளின்ர கை அப்பிடி" என்று என் பக்கம் தள்ளிவிடுவார்.

இந்தக் கூட்டத்துக்கு நான் செயலாளர். சங்கத்தின் வருடம் தொடங்கும் ஏப்ரலில் ஒரு படிவம் வரும். மாதத்துக்கொன்றாகப் பன்னிரண்டு கட்டங்கள். வருடத்துக்கு எத்தனை மூட்டை போஞ்சி வேண்டும் என்று கணக்கிட்டேன். சரியாகப் பன்னிரண்டு வந்தது. மாதத்துக்கு ஒன்று, மீதி இல்லை. அந்தத் திருப்தியை லிகிதராக இருந்தவர்களுக்குத்தான் சொல்லி விளங்கவைக்கலாம். கோவா, கரட், லீக்ஸ் எல்லாவற்றையும் அதே மாதிரி வகுத்தேன். லெட்சுமி தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவள். படிவத்தைப் பார்த்து, "போஞ்சி மாசாமாசமா வரும் சார்?" என்று இழுத்தாள். "நீங்க தட்டுங்க பிள்ளை" என்றேன். தட்டினாள்.

போஞ்சி தருபவர் ஹனிபா நானா. தெல்தோட்டையில் அரை ஏக்கர் நிலத்தைப் போகத்துக்குப் போகம் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டவர். அந்த வருட விளைச்சலைச் சங்கத்தைத் தவிர வேறெவருக்கும் கொடுப்பதில்லை என்று அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் வாசகம் என்னுடையது. நல்ல வாசகம். ஓட்டை இல்லாதது.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை லொறியோடு அவரும் வந்து இறங்கினார். ஒன்பது மூட்டை போஞ்சி. எங்கள் படிவத்தில் ஜூலைக்கு ஒன்று.

"மத்த எட்டையும் என்ன செய்யிற தொரை?"

மீதியை அடுத்தடுத்த மாதங்களில் ஒவ்வொன்றாகக் கொண்டுவரலாம் என்று விளக்கினேன்.

அவர் சிரித்தார். "போஞ்சி கொடியில ஈக்கிது, கலண்டர்ல இல்ல. பிடுங்காம விட்டா முத்திப்போகும். முத்தினா கொடி பூக்கிறத்த நிப்பாட்டிரும். பொறகு உங்கட அந்த ஒன்னும் வராது."

"எடுத்து வையும் ஐசே, கடிதம் பிறகு வரட்டும்" என்றார் சபாரத்தினம். லொறிச் சீட்டில் ஒன்று என்று இருப்பதையும், கூடுதலாக ஏற்றால் கணக்காய்வில் என்ன கேட்பார்கள் என்பதையும் சொன்னேன். "ஒரு காரியத்தைச் செய்யாமல் விடுறதுக்கு உம்மட்ட எத்தனை காரணம் இருக்குது" என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு மூட்டையைப் பதினொரு கூறாக்கினோம். திரும்பிப் போகவிருந்த எட்டு மூட்டைகளோடு நின்ற லொறியில் சாய்ந்தபடி ஹனிபா நானா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். மிகுதி மாதங்களின் மூட்டைகளை இப்போதே ஏற்க அனுமதிக்கவும்; இயலாவிட்டால் விளைவித்தவரை ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கவும். நான்கு பிரதிகள், பதினெட்டாவது துணைவிதி அடிக்கோடிட்டு. பதினைந்தாம் நாள் நினைவூட்டல் அனுப்பினேன். "இன்னைக்கும் ஒன்னும் வரலைங்க சார்" என்று லெட்சுமி காலையில் சொல்வது வணக்கம் சொல்வதுபோல் ஆகிவிட்டது. கடைசியில் சங்கத்தின் கந்தோருக்கு நேரே போனேன். என்னைப் போலவே ஒரு லிகிதர், அதே கண்ணாடி, அதே பொறுமை. கதிரை காட்டினார். கடிதம் மிக ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது என்று பாராட்டினார். உத்தியோகத்தர் சுற்றுப்பயணத்தில் இருப்பதால் கோப்பு காத்திருப்பதாகச் சொன்னார். அவருடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதற்கு மேல் என்ன கேட்பது?

திரும்பி வந்தபோது ஹனிபா நானா பின்வாசலில் காத்திருந்தார்.

"அப்ப என்ன விட்டுருங்க தொரை. மொதலாளி ஒருத்தர் கேக்கிறார். கொடியில ஈக்கிறதப் பாதி வெலைக்கின்னாலும் குடுத்திருவன்."

விடுவிப்பதற்கும் அதே உத்தியோகத்தர்தான் கையெழுத்திட வேண்டும் என்றேன். அவர் தலையாட்டினார். "கையெழுத்து வச்சாச்சி. அத மீறினா ஹராம்" என்றார். தெல்தோட்டைக் காட்டில் யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? 'கொடுங்க நானா, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பார். அந்த வார்த்தை வாய்வரை வந்தது. எனக்கு அப்படிச் சொல்ல அதிகாரம் இல்லை என்ற நினைவும் கூடவே வந்தது.

ஆகஸ்டில் பெரகராத் திருவிழா முடிந்த வாரம் கடைசியாக வந்தார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே காய்ந்த போஞ்சி விதை.

"இது மரக்கறி இல்லத்தானே தொரை. இதுக்குக் கடுதாசி வேணாம். ஊட்டுப் பின்னால போடுங்க."

கொடியையெல்லாம் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிட்டாராம். காணிக்காரர் அடுத்த போகத்துக்கு வேறு ஆளைப் பிடித்துவிட்டார். ஹுன்னஸ்கிரியவில் மச்சான் ஒருவர் தோட்டத்து லொறியில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். குடித்தார். சீனி போதுமா என்று லெட்சுமி கேட்டதற்குப் போதும் என்றார். போகும்போது எனக்கு சலாம் சொன்னார். திட்டியிருக்கலாம்.

பிறகு ஒருமுறை ஹுன்னஸ்கிரியவுக்கு பஸ்ஸில் போய்த் தேடினேன். அப்படி ஒருவரை யாருக்கும் தெரியவில்லை. சங்கம் இப்போது இல்லை. லொறி நின்ற பின்வாசலைச் சுவர் வைத்து மூடிவிட்டார்கள். சபாரத்தினம் எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கண்டிக்குத் திரும்பவில்லை. தெல்தோட்டையில் அந்த அரை ஏக்கரில் யாரோ வீடு கட்டிக் கேற்றும் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கடிதத்துக்கு அந்த வருடமே பதில் வந்தது. இரண்டு கோரிக்கைகளுக்கும் அனுமதி. ஜூலை மாதத்திலேயே எல்லா மூட்டைகளையும் ஏற்கலாம். விரும்பினால் விளைவித்தவரை விடுவிக்கவும் செய்யலாம். லெட்சுமி அதை வாசித்தாள், 'கிடைத்த திகதி' முத்திரையை எடுத்துக் குத்தினாள். நவம்பர் ஒன்பது.