தினமும் தண்ணீர் குறைந்த தொட்டி

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு மீன்தொட்டியில் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. பெரிய குமிழி என்றால் மேலே வந்து உடைந்து தொலையும். இவை ரவை தூவினாற்போல் தண்ணீர் முழுக்க மிதந்தன. கூடவே களக் களக்கென்று ஒரு சத்தம். கேட்டாலே எனக்குச் சோறு இறங்காது.

அம்மா போன மூன்றாம் மாதம், அவள் கட்டில் கிடந்த அதே மூலையில் நைனா அந்தத் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அதற்கு முன் அங்கே ஆக்ஸிஜன் சிலிண்டர் நின்றது. அதில் மாட்டிய தண்ணீர் பாட்டிலில் குமிழி வந்துகொண்டே இருக்கும். "பபுள் வர்ற வரிக்கும் பயமில்லமா. நின்னா உடனே அடுத்த சிலிண்டரை மாத்து" என்று கொண்டுவந்தவர் சொல்லிவிட்டுப் போனார். நானும் நைனாவும் முறை வைத்து அந்த பாட்டிலையே பார்த்தோம்.

ஒரு மதியம் குமிழி நின்றது. யாரும் பார்க்கவில்லை. நாங்கள் பார்த்தபோது அம்மா இல்லை. "அதனால போகலை, அவங்க உடம்பு அவ்வளவுதான்" என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

தொட்டியின் குமிழியைப் போனில் படம்பிடித்துக் கரையான்சாவடி மீன்கடைக்காரரிடம் காட்டினேன்.

"தண்ணி கம்மியா கீதுக்கா. பில்டர் தலை வெளிய தெரியுது பாரு. காத்தை இஸ்துகினு அரைச்சித் துப்புது. தண்ணிய ரொப்பு, சரியாப்பூடும்."

அட, இவ்வளவுதானா! வந்ததும் விளிம்பு வரை நிரப்பினேன். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் தெளிந்தது, சத்தமும் போயிற்று. அன்றைக்குத்தான் எனக்கு ஒழுங்காகச் சோறு இறங்கியது.

மறுநாள் காலை தண்ணீர் குறைந்திருந்தது, குமிழி திரும்ப வந்திருந்தது. நிரப்பினேன். அதற்கு அடுத்த நாளும் அதே கதை. ஒழுகுகிறதோ என்று தொட்டிக்கடியில் துணியை விட்டுத் துடைத்தேன். காய்ந்து கிடந்தது. "சனியன் பிடிச்ச தொட்டி, தூக்கிக் கடாசறேன் பாரு" என்று கத்தினேன். நைனா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

நான்காம் நாள் விடிந்ததும் காபி போட வந்தால், நைனா தொட்டியிலிருந்து சொம்பால் தண்ணீரை மொண்டு பக்கெட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா பண்றே?"

"பபுள் நின்னா படபடன்னு வருது கண்ணு." இன்னொரு சொம்பு மொண்டார். "அன்னிக்கு என் முறை. நான் தூங்கிட்டேன். உங்கம்மாவ நான்தான் வுட்டுட்டேன்."

அவர் முறைதான். ஆனால் படுக்கப் போகுமுன் என் அறை வாசலில் நின்று, "கண்ணு சொக்குது, நீ கொஞ்சம் பாத்துக்க" என்றார். ஹெட்போனோடு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த நான், திரும்பாமலே சரியென்று தலையாட்டினேன். அப்புறம் எழுந்து போகவில்லை. என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதை அவர் மறந்துவிட்டார். எனக்கு ஒரு நாளும் மறக்கவில்லை.

சொல்லிவிட வாயைத் திறந்தேன். வரவில்லை. பாவி நான். அவர் கையிலிருந்து சொம்பை வாங்கி, இன்னும் இரண்டு சொம்பு மொண்டு ஊற்றினேன். பில்டர் தலை வெளியே தெரிந்தது. குமிழிகள் கிளம்பின.

நைனா நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"நீ போய் வேலையப் பாரு. நான் பாத்துக்கறேன்" என்றார்.