ஓடாத வண்டியின் கறை

ஞானதாசன் கார் ஓட்டத் தெரியாதவன். ஆனால் மணவாளக்குறிச்சியில் அவன் வீட்டு முன்னால் தகரக் கூரைக்குக் கீழே ஒரு வெள்ளைக் கார் நின்றது. அது அவன் மனைவி பெமிலாவின் வண்டி. ஓமன் நாட்டில், சலாலாவில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் அவள், போன வருடம் விடுமுறையில் வந்தபோது ஆசைப்பட்டு வாங்கியது. பதினோரு நாள் ஓட்டினாள். மயிலாடியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு மட்டும் நான்கு தடவை. பன்னிரண்டாம் நாள் வாடகைக் காரில் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போனார்கள். திரும்பும்போது ஞானதாசன் மட்டும் வந்தான்.

அவனுக்கு வயது நாற்பத்து நான்கு. பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர் வேலை. பிள்ளைகள் இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வண்டியைக் கழுவுவான். முதலில் சக்கரங்கள். கடற்கரையிலிருந்து வருகிற கருமணல், அலாய் வீலின் மடிப்புகளுக்குள் பொடிப்பொடியாகப் போய் உட்கார்ந்திருக்கும். அதைப் பழைய துணியால் அழுத்தித் துடைப்பான். பிறகு சாவியைப் போட்டு எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அவன் வழக்கமாக உட்காரும் இடது பக்க இருக்கையிலேயே உட்கார்ந்திருப்பான்.

எவ்வளவு கழுவினாலும் சில மாதங்களில் வீலில் பழுப்புப் புள்ளிகள் தோன்றின. வீடியோ அழைப்பில் வண்டியைக் காட்டும்போது பெமிலா பார்த்துவிட்டாள்.

“வீல்ல என்னது அத்தான், துரு மாதிரி?”

“ஒண்ணும் இல்ல, மண்ணுதான். நாளைக்குத் தேச்சுடலாம்.”

மறுநாள் அவன் செய்ததை நினைத்தால் இப்போதும் அவனுக்கே வெட்கம். அமிலத்தை எப்படிப் பிடிக்க வேண்டும், எதில் ஊற்றக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன், கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை எடுத்து முன் சக்கரத்தில் ஊற்றினான். அவளுக்கு அடுத்த தடவை பளிச்சென்று காட்ட வேண்டும் என்ற அவசரம். புகைந்தது. கழுவிப் பார்த்தால் பழுப்பு போயிருந்தது, கூடவே பளபளப்பும். தேமல் படர்ந்த மாதிரி வீல் முழுவதும் வெளுத்துத் திட்டுத்திட்டாகக் கிடந்தது. அதன் பிறகு வீடியோவில் அந்தப் பக்கத்தை அவன் காட்டவே இல்லை.

மண்டைக்காடு சாலையில் வாட்டர் வாஷ் கடை வைத்திருக்கும் முருகதாஸிடம் போய்ச் சொன்னான். வண்டி அங்கே வர வழியில்லை என்பதால் முருகதாஸ் வாளியும் பிரஷ்ஷுமாக வீட்டுக்கே வந்தான். வீலைப் பார்த்துவிட்டு ஞானதாசனைப் பார்த்தான்.

“சாரே, நீங்க லேபுலயா வேல பாக்கிய?”

ஞானதாசன் குனிந்து வாளியைச் சக்கரத்தின் பக்கம் நகர்த்தி வைத்தான்.

“இது இனி மாறாது. பெயின்ட் அடிச்சாத்தான் உண்டு. மத்த மூணையும் காப்பாத்துவோம்.” கையுறையை மாட்டிக்கொண்டு தரையில் குத்தவைத்தான். “வெயில்ல நிக்கும்போ, வீல் சூடா இருக்கும்போ தொடாண்டாம். முதல்ல பைப்புல நல்லா வெள்ளம் அடிச்சு மணல இறக்கணும். மணலோட துடைச்சா கீறல் விழும், பாத்தியளா இந்தக் கோட? வீலுக்குன்னு தனி வாளி, தனி பிரஷ். அதக் கொண்டு பாடிய தேய்க்கக் கூடாது.”

பழுப்புப் புள்ளிகள் மேல் அவன் அடித்த மருந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதாவாக மாறி வழிந்தது. அது காய்வதற்குள் தண்ணீர் விட்டு அலசி, துணியால் ஒற்றி எடுத்தான். கறை போயிருந்தது.

“இதோட தீந்துதா?” என்றான் ஞானதாசன்.

“எங்க தீரும்? உள்ள பிரேக் தட்டு இரும்பு. கடக்காத்து வேற. கழுவிட்டு அப்படியே நிறுத்துனா துருப்பிடிச்சு வெள்ளத்தோட வீல்ல இறங்கும். கழுவின உடனே நாலு தெரு ஓட்டி, பிரேக்க மெல்லச் சவுட்டி ஈரத்தக் காய வைக்கணும். ஓடாத வண்டிக்குக் கறை வராம இருக்காது சாரே.”

அந்த வாரமே ஞானதாசன் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தான். பெமிலாவிடம் சொல்லவில்லை. மே மாதம் அவள் வரும்போது விமான நிலையத்துக்கு அவனே வண்டியோடு போய் நிற்க வேண்டும் என்பது திட்டம். பத்தொன்பது, இருபது வயதுப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து கற்றான். முதல் தடவை டெஸ்டில் தோற்றான். ஏப்ரலில் லைசென்ஸ் கைக்கு வந்தது.

மே முதல் வாரம் அவள் கூப்பிட்டாள். “லீவு கேன்சல் அத்தான். வார்டுல ஆளில்ல. கிறிஸ்துமஸுக்குத்தான் பாக்கணும்.” அழவில்லை. வேறு ஏதேதோ பேசினாள். அவனும் பேசினான். லைசென்ஸ் சட்டைப்பையில் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை காலையில் அவன் வண்டியை எடுத்தான். ஓட்டுநர் இருக்கை அவள் உயரத்துக்கு முன்னால் தள்ளியிருந்தது. அதைப் பின்னுக்குத் தள்ள அவனுக்கு மனம் வரவில்லை. முழங்கால் இடிக்க இடிக்க அம்மாண்டிவிளை வரை போய்விட்டு, பிரேக் மிதிக்கக் கால் எழாதபோது ஓரங்கட்டி நிறுத்தி, ஒரு நிமிடம் இருந்துவிட்டு, இருக்கையைத் தள்ளினான். பிறகு ராஜாக்கமங்கலம், ஈத்தாமொழி, சுசீந்திரம், வழுக்கம்பாறை. மயிலாடியில் சிற்பக் கூடங்கள் இருக்கிற தெரு முந்தின நாள் மழையில் நனைந்து கிடந்தது. கல்பொடிச் சேறு சக்கரங்களில் அப்பிக்கொண்டது.

பெமிலாவின் அம்மா செல்லக்கனி வாசலுக்கு வந்து வண்டிக்குள் மகளைத் தேடினார். பிறகு, “நீங்களா மக்கா ஓட்டிட்டு வந்திய?” என்றார்.

முற்றத்தில் நின்று அவன் பெமிலாவை அழைத்தான். ஒன்றும் சொல்லாமல் கேமராவைத் திருப்பினான். அவள் முதலில் அம்மாவைப் பார்த்தாள், பிறகு வண்டியை.

“யாரு ஓட்டுனா?”

“நான்தான்.”

“வீலக் காட்டுங்க,” என்றாள். வெளுத்துப்போன சக்கரத்தையும் காட்டினான். ஆசிட் கதையைச் சொன்னான். அவள் அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை.

“அது எங்க தெருச் சேறு அத்தான்,” என்றாள். “இண்ணைக்குக் கழுவாண்டாம். அப்படியே இருக்கட்டும்.”

ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை அவன் மயிலாடிக்குப் போகிறான். திரும்பி வந்து, சக்கரம் ஆறிய பிறகு, முருகதாஸ் சொன்ன முறையில் கழுவி, நாலு தெரு ஓட்டிவிட்டு நிறுத்துகிறான். அன்று மாலை அவள் அழைத்தால் வழியைத்தான் கேட்பாள். எந்த வயலில் அறுப்பு, எந்தக் குளத்தில் தண்ணீர். அவன் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போவான்.

“ஈத்தாமொழி கழிஞ்சதும் ஒரு இளநிக்கடை உண்டுல்லா. நம்ம நிறுத்திக் குடிச்சோமே. இப்பவும் இருக்கா?”

“கவனிக்கல்ல பெமி. அடுத்த தடவ பாத்துச் சொல்லுதேன்.”

கடை இருந்தது. நிறுத்தி ஒன்று குடித்தான். இன்னொன்றும் வெட்டச் சொல்லிவிட்டு, கடைக்காரர் நீட்டிய பிறகுதான் அது யாருக்கென்று யோசித்தான். அதையும் வாங்கி, இடது பக்க இருக்கையில் சாயாமல் வைத்து, மயிலாடி வரை மெதுவாக ஓட்டினான்.