சமையலறையில் எங்களுக்கு வைத்த பெயர்

மூன்று நாற்பது மணிப் பேருந்தில் மகள் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் இன்று மாறுவேடக் கொண்டாட்டம், தொலைபேசியையும் எடுக்கவில்லை. கணவர் அவளைத் தேடி ஓடிவிட்டார். வீட்டில் காத்திருந்த நான், வாசலையே பார்த்துக்கொண்டு, கறித்தூளுக்கு வறுத்த காய்ந்த செத்தல் மிளகாயைக் கருக்கிவிட்டேன்.

அந்தப் புகையோடு மல்லி மணமும் சேர்ந்தபோது, ஸ்டுட்கார்ட்டில் நான் சிறுமியாக இருந்த அகதி விடுதியின் பொதுச் சமையலறை கண்முன் வந்து நின்றது. விடுதியை இடித்துவிட்டு இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். சிலி நாட்டு மாப்புச்சே இனத்தவரான ரோசா அன்ரி புகையில் காய்ந்த மிளகாயையும் மல்லியையும் இடிக்க, பக்கத்து அடுப்பில் அம்மா தூள் வறுக்க, யாருடைய மிளகாயால் யார் தும்முகிறோம் என்று தெரியாமல் எல்லோரும் சிரிப்போம். எட்டிப் பார்க்கும் காவலாளி, அமெரிக்கப் பழங்குடிகளுக்கு ஜெர்மன்காரர் வைத்த பழைய பெயரில் ரோசா அன்ரியை "இண்டியானர்" என்பார். எங்களை "இந்தியர்" என்பார். "மாப்பு என்றால் மண், சே என்றால் ஆட்கள்" என்று அன்ரி ஒவ்வொரு தடவையும் சலிக்காமல் திருத்துவார். "நாங்கள் யாழ்ப்பாணம்" என்று அம்மா அகப்பையை ஆட்டுவார். மகளுக்கு இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

கதவு திறந்தது. கணவருக்கு முன்னால் மகள், கையில் கசங்கிய காகித இறகு. நான் அடுப்பை அணைத்தேன்.

"அம்மா, சொறி. இண்டியானர் வேஷம் எண்டு வகுப்புப் பிள்ளையள் எனக்கு இறகு குத்தினவை. ரீச்சருக்கு மாப்பும் சேயும் விளங்கப்படுத்தி முடிய பஸ் போயிட்டுது."